உங்கள் தன்னார்வக் குழு நல்லபடியாக இருக்கிறதா? நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முழு வழிகாட்டி

ஏரி சுத்தம் செய்யும் குழு, மாலை நேர டியூஷன் குழு, ரத்ததானக் குழு, தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் குழு, குடியிருப்போர் நலச்சங்கம் என்று சென்னையில் ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால் இது உங்களுக்காகத்தான். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டு குழுக்களில் வேலை செய்திருக்கிறேன். ஒன்று இன்றும் நடக்கிறது. இன்னொன்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரே ராத்திரியில் உருவானது, ஒரு மாதம் தூக்கமில்லாமல் சாப்பாடும் பாயும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தது, அடுத்த ஆறு மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலைக்குப் போனது. அங்கே யாரும் திருடவில்லை. மிச்சப் பணம் எவ்வளவு, யார் கணக்கில் இருக்கிறது என்று ஒரு அக்கா குரூப்பில் கேட்டார், "இப்ப இது அவசியமா?" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். மறுநாள் அவர் விலகினார், அந்த வாரத்திலேயே அவருடைய தெருக்காரர்கள் எட்டுப் பேரும் விலகினார்கள்.

எத்தனை மூட்டை குப்பை எடுத்தோம், எத்தனை பேருக்கு உதவினோம் என்ற கணக்கெல்லாம் முக்கியம்தான், ஆனால் குழுவின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியாது. அந்த 2015 குழுவின் புகைப்படங்களைப் பார்த்தால் ஊரிலேயே சிறந்த குழு என்றுதான் சொல்வீர்கள். ஒருவர் கேள்வி கேட்டால் அவருக்கு என்ன ஆகிறது, அதைப் பாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாமே வேறு வேறு வாசல் வழியாக அதைத்தான் தேடுகின்றன.

முதல் படி: பார்க்கப் போவது யார்?

தலைவர் தனியாக உட்கார்ந்து செய்தால் இது வேலைக்கு ஆகாது. மூன்று பேர் போதும். ஒருவர் பழையவர், ஒருவர் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர், மூன்றாமவர் முடிந்தால் விலகிப் போனவர். மூன்றாமவரைக் கூப்பிடத்தான் எல்லோரும் தயங்குவார்கள், ஆனால் அவருக்குத் தெரிந்தது உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது. வேலை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: இது யார் மீதும் விசாரணை இல்லை, இன்ன தேதியில் முடியும், கண்டுபிடித்ததை எல்லோருக்கும் காட்டுவோம். ரகசியமாகச் செய்தால் "நம்மை உளவு பார்க்கிறார்கள்" என்ற பேச்சு கிளம்பும், அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வார இறுதிகள் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், வடகிழக்குப் பருவமழை வந்தால் பாதிக் குழுக்கள் களத்தில் நிற்கும். மார்ச், ஏப்ரலில் பரீட்சை. ஜூன், ஜூலை சரியான நேரம்.

இரண்டாம் படி: சாவிப் பட்டியல்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஒரு மணி நேரத்தில் பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒரு தாளை எடுத்து, குழுவை நடத்த என்னென்ன சாவி வேண்டுமோ எல்லாவற்றையும் எழுதுங்கள். மண்வெட்டி, கையுறை வைத்திருக்கும் அறையின் சாவி, வாட்ஸ்அப் அட்மின், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட், ஈமெயில், பணம் வருகிற ஜிபே எண், செக் புத்தகம், பதிவுச் சான்றிதழின் அசல், உறுப்பினர் பட்டியல், டியூஷன் நடக்கிற மண்டபத்துக்காரருடைய போன் நம்பர், வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி உதவிப் பொறியாளரிடமும் பேசக்கூடியவர் யார் என்பது வரை. கடைசியில் சொன்னதும் சாவிதான், பல குழுக்களில் அதுதான் பெரிய சாவி.

ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாரிடம் இருக்கிறது, அவர் நாளைக்கே துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் அடுத்து யாரிடம் என்று எழுதுங்கள். ஒரே பெயர் ஐந்தாறு இடத்தில் வந்தால் அந்த நபரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவர்தான் அதிகம் உழைத்தவராக இருப்பார், மற்றவர்கள் செய்யாததை எடுத்து எடுத்துச் செய்து இப்போது களைத்துப் போயிருப்பார். ஆனால் அந்தக் குழுவில் யாராவது அவரிடம் "வேண்டாம் அண்ணா, இது சரியில்லை" என்று சொல்ல முடியுமா? எல்லாச் சாவியும் ஒரு கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது, ஏனென்றால் அவர் கோபித்துக்கொண்டு போனால் குழுவே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல எதிர் உதாரணம் இருக்கிறது. 1988இல் இருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. மாணவர்கள் என்றால் படிப்பை முடித்துப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அப்படியும் 35 வருஷத்துக்கு மேல் அது நிற்கிறது. ஆள் மாறும் என்று முன்பே தெரிந்திருந்தால், தெரிந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடும் பழக்கம் வந்தே தீரும்.

மூன்றாம் படி: ஆட்களை எண்ணுவது

வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை பேர் என்பதை எண்ணாதீர்கள். கடந்த 12 மாத நிகழ்வுகளை எடுத்து, நேரில் வந்தவர்களின் பெயரை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். வருகைப் பதிவு இல்லையென்றால் புகைப்படங்களை வைத்தே எழுதலாம், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். பிறகு இரண்டு கேள்வி. பாதி வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள்? முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறையும் வந்தார்கள்?

இரண்டாவது கேள்வியை நான் அதிகம் நம்புகிறேன். கடற்கரை சுத்தம் செய்யக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். அதில் மூன்று பேர்கூட மறுபடி வரவில்லை என்றால் உள்ளே வந்தவர்களுக்கு அங்கே உட்கார இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பழையவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்களா, புதியவரிடம் பெயரையாவது கேட்டார்களா? எங்கள் ஏரிக் குழுவில், புதிதாக வந்தவரிடம் முடிந்ததும் டீக்கடை வரை கூடவே நடந்து பேச ஒருவர் என்று வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை, இருந்தும் திரும்பி வருபவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடினார்கள்.

எந்த வேலை யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். பல குழுக்களில் பெண்கள் கணக்கு எழுதுவார்கள், சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், மைக்கை மட்டும் ஆண்கள் பிடிப்பார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் அகற்றப்படும் பயத்தில் இருக்க, அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் ஏரியைப் பற்றி அடுக்குமாடிக்காரர்கள் மட்டும் பேசி முடிவெடுப்பதும் நடக்கிறது. இதையும் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நான்காம் படி: ஐந்து முடிவுகளைப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது

"எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம்" என்று எல்லாக் குழுவும் சொல்லும். அதனால் நேரடியாகக் கேட்காதீர்கள். கடந்த ஒரு வருஷத்தில் எடுத்த ஐந்து முடிவுகளைப் பொறுக்குங்கள். இரண்டு பெரியது, இரண்டு சின்னது, ஒன்று தகராறானது. ஒவ்வொன்றையும், யோசனை முதலில் யாருடையது, யாரிடமெல்லாம் கேட்டார்கள், வேண்டாம் என்று சொன்னவர் உண்டா, அவர் சொன்னதால் ஏதாவது மாறியதா, எங்கே எழுதி வைத்தார்கள் என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள்.

பெரும்பாலும் மூன்று பேர் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசிய இடத்தில் முடிவாகியிருக்கும், கூட்டம் அதற்கு அப்புறம்தான் நடந்திருக்கும். சின்ன விஷயத்துக்கு அது பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டால் மண்வெட்டியைத் தூக்க ஆள் இருக்காது. பெரிய விஷயமும் அப்படியே போகிறதா என்பதுதான் கேள்வி. ஐந்து முடிவில் ஒன்றிலாவது ஒருவருடைய மறுப்பால் ஏதாவது மாறியிருந்தால் அந்தக் குழுவில் உயிர் இருக்கிறது. ஐந்திலும் மறுப்பே இல்லை என்றால் அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். மறுத்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருக்கலாம்.

மினிட் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வந்தவர்கள், முடிவு, யார் எப்போதுக்குள் செய்வது என்ற நான்கு விஷயம் இருந்தால் சரி. வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்பார்கள். போன் தொலைந்தால் அதுவும் போச்சு.

ஐந்தாம் படி: பணம்

இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில், பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது? தனி ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு வந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டிய முதல் விஷயம் அதுதான். அவருக்கே அது ஆபத்து, நாளைக்கு வருமான வரி அதிகாரி கேட்டால் இது என் பணம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். குழுவின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

அடுத்து மூன்று வரவையும் மூன்று செலவையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, இரண்டு திசையிலும் நடந்து பாருங்கள். ஒரு செலவுக்கு பில் இருக்கிறதா, பில்லில் உள்ள பொருள் உண்மையில் வந்ததா, யார் ஒப்புக்கொண்டார்கள்? ஒருவர் 500 ரூபாய் கொடுத்தார் என்றால் அவருக்கு ரசீது போனதா, அது பாஸ்புக்கில் தெரிகிறதா, எதற்காகக் கொடுத்தாரோ அதற்கே செலவானதா? வெள்ளத்துக்கு வாங்கிய பணத்தில் மிஞ்சியதை நோட்டுப் புத்தகத்துக்குச் செலவழிப்பது நல்ல காரியமாகவே இருக்கலாம், ஆனாலும் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு வசூலித்த குழுக்கள் இன்னும் மிச்சத்தைச் சொல்லவில்லை என்றால் இப்போதாவது சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னாலும் மக்கள் மன்னிப்பார்கள்.

வரி விஷயத்தில் இரண்டு கவனம். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி (80ஜி என்பார்கள்) இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாக வாங்குங்கள். வெளிநாட்டுப் பணம் இன்னும் ஜாக்கிரதையான இடம். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவர் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் அதே தம்பி 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வெளிநாட்டவர், அந்தப் பணத்தை வாங்க அந்தச் சட்டப்படியான (எஃப்சிஆர்ஏ) அனுமதி வேண்டும். சொந்தக்காரர்தானே என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஒரு சோதனை. அதிகம் பேசாத ஒரு உறுப்பினரை விட்டு "கணக்கைப் பார்க்கலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நோட்டு வர எத்தனை நாள் ஆகிறது, கொடுப்பவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கணக்குக் கேட்பது நம் ஊரில் சந்தேகப்படுவதற்குச் சமம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது எங்கிருந்து வந்ததென்று எனக்குப் புரியவில்லை. சென்னையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஊர் வேலைகளைப் பார்த்த குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், பெயர் ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் அடுத்த குடவோலைத் தேர்வில் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனி வாரியம் இருந்தது. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர்களை அந்த விதிகள் வெளியே நிறுத்தின, அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கணக்கையும் பதவிக் காலத்தையும் பற்றி அத்தனை கறாராக ஒரு சுவர் முழுக்க எழுதி வைத்த ஊர் இது.

ஆறாம் படி: காகிதங்கள்

குழு சங்கமாகப் பதிவானதா, டிரஸ்டா, இரண்டும் இல்லையா? தன்னார்வலர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஆனால் உங்கள் குரலுக்குச் சட்டப்படி எடை உண்டா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள்தான் எல்லாம். பத்து வருஷம் உழைத்த தன்னார்வலருக்கும் ஓட்டு கிடையாது, அவர்கள் கேட்டால்தான் உண்டு. அது தவறில்லை, ஆனால் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்கள் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட வேண்டும், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளே பேசி எதுவும் நடக்கவில்லை என்றால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து விசாரணை கேட்டுப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போன பிறகு பழைய நட்பு திரும்புவது கஷ்டம். சங்கத்தின் விதிமுறைகளான பைலாவின் நகல் ஒவ்வொரு உறுப்பினரிடமும் இருக்கட்டும். தமிழில் இருக்கட்டும்.

ஏழாம் படி: பாதுகாப்பு

குழந்தைகளோடு வேலை செய்யும் குழு என்றால் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கும் சூழ்நிலை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்றே நிறுத்துங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், "குழு பெயர் கெட்டுவிடும்" என்று உள்ளேயே பேசி முடிக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லோர் போனிலும் இருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்களையும் சேர்த்தே பேசுகிறது, ஆகவே யாரிடம் புகார் சொல்வது என்பது சேர்ந்த முதல் நாளே ஒரு பெண் தன்னார்வலருக்குத் தெரிய வேண்டும். ஏரியில் இறங்கும் குழுக்கள் கயிறு, நீச்சல் தெரிந்த ஆள், உடைந்த கண்ணாடி தாங்கும் காலணி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

எட்டாம் படி: விலகியவர்களோடு ஒரு டீ

குரூப்பில் கேள்விப் படிவம் போட்டால் "எல்லாம் சூப்பர்" என்றுதான் பதில் வரும். இரண்டு வருஷத்துக்குள் விலகிய ஐந்தாறு பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். பார்க்கப் போவது தலைவராக இருக்கக் கூடாது. "ஏன் போனீங்க?" என்று ஆரம்பித்தால் "வேலை ஜாஸ்தி" என்பார்கள். "கடைசியா வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், குழுவுக்காக வாதாடாதீர்கள். ஒருவர் சொன்னதைப் பெயர் போட்டு வெளியே சொல்லாதீர்கள், இரண்டு பேராவது சொன்ன விஷயத்தை மட்டும் அறிக்கையில் சேருங்கள்.

நான் தேடிப்போய்ப் பேசியவர்களில் ஒருவர்கூட வேலைக் களைப்பால் போகவில்லை. ஒருவர் சொன்ன யோசனையைச் சிரித்துத் தள்ளினார்கள், ஒருவர் உடம்பு சரியில்லாமல் மூன்று மாதம் வராதபோது யாரும் போன் செய்யவில்லை, ஒருவர் பில் கேட்டார்.

ஒன்பதாம் படி: கிடைத்ததை எப்படிப் படிப்பது

மார்க் போடாதீர்கள். பத்துக்கு ஏழு என்று போட்டால் எல்லோரும் அந்த மார்க்கைப் பற்றித்தான் பேசுவார்கள். குழந்தைகள், பெண்கள் பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் அது முதலில். பணம் தனியாள் கணக்கில் இருந்தால் அது இரண்டாவது. மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்யலாம்.

நோய் என்று தவறாக நினைக்கக்கூடிய சிலதும் உண்டு. சின்னதாக இருப்பது நோய் இல்லை, பன்னிரண்டு பேர் ஒரு தெருவுக்கு போதும். சண்டை வருவதும் நோய் இல்லை, சண்டைக்குப் பிறகு இருவரும் அடுத்த வாரம் வந்தால் நல்ல அறிகுறி. வேலை தீர்ந்து கலைவதும் நோய் இல்லை. 1980களின் இறுதியில் சென்னையில் தோன்றிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பின் தெருக் கிளைகள், வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மாதச் சந்தா வாங்கி வீட்டு வாசலிலேயே குப்பை எடுக்கும் பழக்கத்தை உண்டாக்கின. இன்று அந்த வேலையை மாநகராட்சியும் ஒப்பந்த நிறுவனங்களும் செய்கின்றன. அதற்காகக் கூடிய ஒரு தெருக் கிளை இன்று இல்லை என்றால் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

பத்தாம் படி: சொல்வதும் மாற்றுவதும்

கண்டுபிடித்ததைச் சொல்லும் அறிக்கையை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். படித்துக் காட்டும் கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிடுங்கள், விலகியவர்களையும். அதிகச் சாவி வைத்திருக்கிறவரிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் போய்ப் பேசிவிடுங்கள், இத்தனை வருஷம் உழைத்தவரை நாற்பது பேர் முன்னால் திடீரென்று உட்கார வைத்துக் கேட்பது மனிதாபிமானம் இல்லை. கூட்டத்தில் மூன்றே மூன்று மாற்றம் முடிவு செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. சாவிகளில் இரண்டையாவது அன்றே, அந்தக் கூட்டத்திலேயே கைமாற்றுங்கள். வங்கிக் கையெழுத்தை மாற்றும் தீர்மானத்தையும் அன்றே மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வங்கி அந்தத் தீர்மானத்தைக் கேட்கும்.

ஆறு மாதம் கழித்து அதே சாவிப் பட்டியலை எடுத்து, பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு மறுபடி எழுதுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று சங்கடமான கேள்வி கேட்டவர் யாரென்று நினைவில் வைத்திருங்கள். அவர் இன்னும் வருகிறாரா என்று பாருங்கள், வரவில்லை என்றால் அன்று மாலையே போன் செய்யுங்கள்.